அலையை எழுப்பினால் மட்டும் போதுமா?

"மீயொலி அலைகளை உண்டாக்கும் முறை ஒன்றைப் படத்துடன் விவரிக்க." கல்லூரியில் இயற்பியல் படித்தவர்களில் பலர் இந்த வினாவுக்கு ஒரு முறையேனும் விடை எழுதியிருப்பார்கள். நிக்கல் தண்டு ஒன்று, அதன்மேல் இரு கம்பிச் சுருள்கள், ஒரு மின்தேக்கி, ஓர் அலையியற்றி. அல்லது குவார்ட்ஸ் படிகம் ஒன்று, இரு உலோகத் தகடுகள், அதே அலையியற்றி. படத்தை ஒழுங்காக வரைந்து, ஒத்ததிர்வுக்கான சூத்திரத்தையும் எழுதிவிட்டால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

வினாவில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதற்கு அடுத்து வரவேண்டிய வினாவை நம் பாடநூல்கள் கேட்பதில்லை. எந்த வடிவமுள்ள சைகையை அனுப்ப வேண்டும்? ஒரே ஒரு தட்டா, சில அலைகள் கொண்ட ஒரு கொத்தா, நீண்ட சீழ்க்கையா? எத்தனை சுற்றுகள்? எந்த அதிர்வெண்? ஏன்? தண்டவாளத்திலும் குழாயிலும் தகட்டிலும் ஒளிந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிப்பதும் கோட்டை விடுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வினாவின் விடையைப் பொறுத்தே அமைகின்றன. அதனைப் பாடநூல்கள் விட்டுவிட்டது ஒரு குறை. அதற்கு விடை தேடும் ஆய்வுகளில் சில, ஒரு முறைக்குப் பொருந்துவதை எல்லாவற்றுக்கும் பொருந்துவதாகப் புகழ்வது இன்னொரு குறை. இவ்விரண்டையும் இங்கே பார்ப்போம்.

பாடநூல் நினைவில் வைத்ததும் மறந்ததும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, பொறியியல் முதலாண்டு இயற்பியலின் முதல் அலகே மீயொலியியல்தான். காந்தப் புலத்தில் தண்டின் நீளம் மாறும் விளைவு, அழுத்த மின் விளைவு, ஒலிக் கீற்றணி, துளையிடுதல், பற்றவைத்தல், சோனார், சிதைக்காமல் சோதிக்கும் முறைகள், மருத்துவப் பயன்கள் என அதன் பட்டியல் நீளும். பின்னர் திட்டங்கள் மாறின. ஆயினும் மீயொலி பற்றிய அத்தியாயம் எந்த நூலில் வந்தாலும் அதன் எலும்புக்கூடு இதுவாகவே இருக்கக் காண்கிறேன். சிதைக்காமல் சோதித்தல் என்ற தலைப்பின்கீழ் ஒரு படம் இருக்கும். ஓர் உலோகக் கட்டியின் மேல் ஆய்வுமுனை; கீழ்நோக்கிச் செல்லும் துடிப்பு; நடுவே ஒரு பழுது; திரையில் மூன்று முகடுகள்.

வரலாற்றைச் சற்றுப் புரட்டினால் ஒரு வேடிக்கை புலப்படும். 1917ஆம் ஆண்டு, முதல் உலகப் போரின் நடுவே, பிரான்சில் பால் லாஞ்ஜவின் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு கடலுக்குள் மீயொலியை அனுப்பும் கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதே 1917இல் இங்கிலாந்தில் ஹொரேஸ் லாம்ப் என்ற கணித அறிஞர், மீள்தன்மையுள்ள ஒரு தகட்டில் அலைகள் எவ்வாறு செல்லும் என்பதைச் சமன்பாடுகளில் எழுதி வெளியிட்டார். லாஞ்ஜவின் கூறியது, அலையை எப்படி எழுப்புவது என்பது. லாம்ப் கூறியது, எழுந்த அலை ஒரு தகட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பது. நம் பாடநூல்கள் முன்னவரை வைத்துக்கொண்டு பின்னவரை விட்டுவிட்டன.

கீழ்நோக்கிப் பார்ப்பதும் நெடுக ஓட விடுவதும்

கோவில்பட்டி வழியாகச் செல்லும் மதுரை–திருநெல்வேலி இருப்புப் பாதையை எடுத்துக்கொள்வோம். தண்டவாளத்தைச் சோதிக்க இரயில்வே ஊழியர்கள் சிறு தள்ளுவண்டி ஒன்றை அதன்மேல் உருட்டிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். வண்டியின் அடியில் சில ஆய்வுமுனைகள் இருக்கும். அவற்றில் ஒன்று நேர் கீழாக அலையை அனுப்பும். மற்றவை 37 பாகை, 70 பாகை எனச் சாய்வாக அனுப்பும். ஆய்வுமுனைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே காற்று இருந்தால் ஒலி உள்ளே நுழையாது என்பதால், நீர் சொட்டிக்கொண்டேயிருக்கும். எஃகில் நெட்டலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 5,900 மீட்டர். அதிர்வெண் 4 மெகாஹெர்ட்ஸ் எனில் அலைநீளம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆகவே சிறு விரிசலும் கண்ணுக்குத் தப்பாது.

ஆனால் இந்த முறையில் ஆய்வுமுனை எங்கே இருக்கிறதோ அந்த இடம் மட்டுமே சோதிக்கப்படும். நூறு கிலோமீட்டர் பாதையைச் சோதிக்க நூறு கிலோமீட்டரும் வண்டி உருள வேண்டும். மேலும், தலைப்பகுதியிலிருந்து கீழே செல்லும் அலை, நடுத்தண்டின் நேர்கீழே உள்ள அடிப்பகுதியைத் தொடுமே தவிர, இருபுறமும் அகன்று கிடக்கும் அடித்தட்டின் ஓரங்களை எட்டாது.

இதில் பணயம் என்ன என்பதற்கு ஒரு நாள் போதும். 1998 நவம்பர் 26 அதிகாலையில், பஞ்சாப் மாநிலம் கன்னா அருகே, உடைந்த தண்டவாளத்தால் ஒரு விரைவு வண்டி தடம் புரண்டது. அதன் பெட்டிகள் அடுத்த பாதையின் மேல் கிடக்க, எதிரே வந்த இன்னொரு விரைவு வண்டி அவற்றின்மீது மோதியது. 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குளிரில் எஃகு சுருங்க முனையும். நெடுக ஒன்றாகப் பற்றவைத்த தண்டவாளம் சுருங்க வழியின்றி இழுபட்டு நிற்கும். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அந்நேரத்தில் முறிவது எளிது.

எனவே வேறொரு வழி தேவைப்பட்டது. தண்டவாளத்தையே அலைக்குப் பாதையாக்கி, நெடுக ஓட விட்டால் என்ன? அலை பக்கச் சுவர்களில் மோதி மோதி, வெளியேற முடியாமல், பொருளின் நீளத்தோடு செல்லும். இதையே வழிப்படும் அலை என்கிறோம். வாய்க்கால் நீர் இரு கரைகளுக்கிடையே செல்வதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். அதிர்வெண்ணைச் சில பத்து கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் குறைத்தால், அலை குறுக்குவெட்டு முழுவதையும் நிரப்பிக்கொண்டு, குழாய்களில் பல பத்து மீட்டரும் தண்டவாளத்தில் அதனினும் நெடுந்தொலைவும் செல்லும். தென்னாப்பிரிக்காவில் இரும்புத் தாது ஏற்றிச் செல்லும் சிஷென்–சல்தான்யா இருப்புப் பாதையில், இம்முறையால் தண்டவாள முறிவை அறியும் நிலையங்கள் 2014இல் அமைக்கப்பட்டன. ஒரு நிலையம் அலையை அனுப்பும். அடுத்த நிலையம் கேட்கும். அலை வந்து சேராவிட்டால் நடுவே தண்டவாளம் முறிந்திருக்கக்கூடும் என்று எச்சரிக்கை எழும். பின்னர் வட இந்தியாவிலும் இந்த முறை சோதனையாக முயன்று பார்க்கப்பட்டது.

முறிந்தபின் அறிவது ஒன்று. முறியுமுன் விரிசலை அறிவது வேறொன்று. முன்னதற்கு அலை வந்ததா, இல்லையா என்பதே போதும். பின்னதற்கு, விரிசலிலிருந்து திரும்பும் மெல்லிய எதிரொலியை இனம் காண வேண்டும். இங்கேதான் சைகையின் வடிவம் பெரிதாகிறது.

ஓடைப் பாலத்தில் ஒரு கைத்தட்டல்

கரிசல் காட்டுச் சாலைகளில், ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைகளின்மேல் சிமென்ட் குழாய்ப் பாலங்கள் உண்டு. நீளமான ஒரு குழாயின் வாயருகே நின்று ஓங்கி ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டியது "டப்" என்ற ஓசை. திரும்பி வருவதோ அதுவன்று. உச்சத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் ஒரு சீழ்க்கை. அமெரிக்க இயற்பியலாளர் பிராங்க் கிராஃபோர்டு 1971இல் இதைப் பற்றி எழுதினார்.

காரணம் என்ன? கைத்தட்டலில் எல்லா அதிர்வெண்களும் கலந்துள்ளன. குழாய்க்குள் ஒலி நேராகச் செல்லும் பாங்கு ஒன்று; சுவர்களில் குறுக்கும் மறுக்குமாக மோதிச் செல்லும் பாங்குகள் பல. மோதிச் செல்லும் பாங்குகளில் உயர் அதிர்வெண் விரைந்து வருகிறது. தாழ்ந்த அதிர்வெண் தாமதித்து வருகிறது. ஒரே நேரத்தில் கிளம்பியவை வெவ்வேறு நேரங்களில் வந்து சேர்கின்றன. வெள்ளொளி முப்பட்டகத்தில் நிறங்களாகப் பிரிவதுபோல, ஓசை நேரத்தில் பிரிந்துவிடுகிறது. இதனைப் பிரிகை என்கிறோம்.

எஃகுக் குழாயிலும் தண்டவாளத்திலும் நடப்பது இதுவே. இன்னும் சிக்கலாக நடக்கிறது. ஆறு அங்குலக் குழாய் ஒன்றில் 100 கிலோஹெர்ட்ஸுக்குள் பல பத்துப் பாங்குகள் ஓட இடமுண்டு. மெல்லிய தகட்டின் வளைவுப் பாங்கில், தாழ்ந்த அதிர்வெண்களில், வேகம் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதிர்வெண் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்காகும். ஆகவே பாடநூல் படத்திலுள்ள ஒற்றைக் கூர் துடிப்பை இங்கே அனுப்பினால், கிளம்பும்போது ஊசிபோல் இருப்பது திரும்பும்போது கலைந்த பஞ்சுப்பொதிபோல் வந்து சேரும். எது விரிசலின் எதிரொலி, எது பற்றவைப்பின் எதிரொலி, எது வெறும் பாங்குக் குழப்பம் என்று பிரித்தறிய இயலாது. துடிப்பு எதிரொலி முறையைக் கட்டிக்கு மட்டும் படித்த மாணவனுக்கு இது புரியவே புரியாது.

ஐந்து என்பது மந்திர எண்ணா?

இதற்கான முதல் மருந்து, அதிர்வெண்ணைக் குறுகிய பட்டைக்குள் அடக்குவது. 50 கிலோஹெர்ட்ஸில் ஐந்து சுற்று அலைகளை மட்டும் அனுப்பி நிறுத்திவிடலாம். ஆனால் சட்டென்று தொடங்கிச் சட்டென்று வெட்டினால், வெட்டிய விளிம்புகளே வேண்டாத அதிர்வெண்களை உண்டாக்கும். அப்படி வரும் பக்க முகடுகளில் பெரியது, நடு முகட்டில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உயரம் இருக்கும். ஆகவே அலைக்கொத்தின் வீச்சை மெல்ல உயர்த்தி மெல்லத் தாழ்த்துவார்கள். இந்த மணி வடிவ உறை, ஆஸ்திரிய வானிலை அறிஞர் யூலியுஸ் ஃபொன் ஹானின் பெயரால் ஹான் சாளரம் எனப்படுகிறது. இதில் பக்க முகடு, நடு முகட்டில் நாற்பதில் ஒரு பங்கு அளவுக்குத் தாழ்ந்துவிடும். அதற்கு விலையாக நடு முகடு இரு மடங்கு அகலும். ஐந்து சுற்றுக்கு அது 30 முதல் 70 கிலோஹெர்ட்ஸ் வரை பரவி நிற்கும்.

பட்டையை இன்னும் குறுக்க வேண்டுமெனில் சுற்றுகளைக் கூட்ட வேண்டும். பத்துச் சுற்று அனுப்பினால் 40 முதல் 60 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கும். ஆனால் சைகை நீண்டுவிடும். ஐந்து சுற்று 100 மைக்ரோ வினாடி நீடிக்கும். வேகம் வினாடிக்கு 3,200 மீட்டர் எனில், குழாயில் அது 32 சென்டிமீட்டர் நீளமுள்ள அலைக்கொத்து. எதிரொலி போய் வர வேண்டியிருப்பதால், 16 சென்டிமீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கும் இரு பழுதுகளைத் தனித்தனியாகக் காண முடியாது. பத்துச் சுற்றானால் அந்த இடைவெளி 32 சென்டிமீட்டராகிவிடும். கிணற்றுமேட்டில் நின்று "ஓ" என்று நீட்டிக் கூவினால், கூவி முடிக்குமுன் எதிரொலி வந்து கலந்துவிடுவதுபோலத்தான். அதிர்வெண்ணில் குறுக்கினால் நேரத்தில் நீளும். நேரத்தில் குறுக்கினால் அதிர்வெண்ணில் அகலும். இரண்டையும் ஒருசேரக் குறுக்க இயற்கை இடம் தருவதில்லை.

இது இவ்வளவு அழகான இயற்பியலாக இருக்க, மாணவர்களின் ஆய்வுத் திட்ட அறிக்கைகளில் நான் காண்பது என்ன? "ஹான் சாளரமிட்ட ஐந்து சுற்று அலை செலுத்தப்பட்டது" என்ற ஒரு வரி. ஏன் ஐந்து என்று கேட்டால், முன்னர் எழுதியவர்களும் ஐந்தே எழுதினர் என்பதுதான் விடை. பிரிகை மிகுந்த பாங்கில் நெடுந்தொலைவு சோதிப்பவர்க்கு ஐந்து போதாமல் போகலாம். குழாயை முறுக்கும் அடிப்படைப் பாங்கை எடுத்தால், அதற்குப் பிரிகையே இல்லை. எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில் செல்லும். அங்கே ஐந்தைவிடக் குறைவாகவும் அனுப்பலாம். மற்றப் பாங்குகள் எழாமல் பார்த்துக்கொண்டால் போதும். எண்ணைப் பொருளும் பாங்கும் தீர்மானிக்க வேண்டும். வழக்கம் தீர்மானிக்கக் கூடாது.

நீட்டி அனுப்பிச் சுருக்கிக் கேட்பது

ஐந்து சுற்றில் அடங்கும் ஆற்றல் சிறிது. மின்னழுத்தத்தைக் கூட்டவும் ஓர் எல்லையுண்டு, படிகம் தாங்காது. ஆகவே நீண்ட சைகையை அனுப்பி ஆற்றலைச் சேர்த்து, வந்த பதிவைக் கணக்கால் சுருக்கிக் கூர்மையாக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. ரேடாரிலிருந்து வந்த வழி இது. இதில் இரு வகை உண்டு.

ஒன்று சீழ்க்கை முறை. தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்கிச் சீராக உயர்ந்துகொண்டே போகும் சைகை. இதில் ஒரு கூடுதல் நன்மையும் உண்டு. பொருள் நேரியல் முறையில் நடந்துகொள்கிறது என்று கொண்டால், சீழ்க்கைக்கு வந்த பதிவிலிருந்து, ஐந்து சுற்று அனுப்பியிருந்தால் என்ன வந்திருக்கும், பத்துச் சுற்று அனுப்பியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று பின்னர் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஜெனிஃபர் மைக்கேல்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வழிப்படும் அலைகளுக்கு இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டினர். ஒரு முறை அனுப்பிவிட்டுப் பல வினாக்களைப் பின்னர் கேட்பது மிக நேர்த்தியான எண்ணம்.

மற்றொன்று குறித்தொடர் முறை. கூட்டல், கழித்தல் குறிகளின் ஒரு வரிசைப்படி அலையை நேராகவும் தலைகீழாகவும் மாற்றி மாற்றி அனுப்புவது. மார்செல் கோலே 1961இல் விவரித்த இணைத்தொடர்கள் இதில் புகழ்பெற்றவை. சிறிய எடுத்துக்காட்டைத் தாளில் போட்டுப் பாருங்கள். முதல் தொடர் +1, +1. இதனைத் தன்மேல் தானே நகர்த்திப் பெருக்கிக் கூட்டினால் 1, 2, 1 வரும். இரண்டாம் தொடர் +1, −1. அவ்வாறே செய்தால் −1, 2, −1 வரும். இரண்டையும் கூட்டுங்கள்: 0, 4, 0. பக்கத்துச் சிணுங்கல்கள் முற்றிலும் மறைந்து, நடு முகடு மட்டும் ஓங்கி நிற்கிறது. எத்தனை நீண்ட இணைத்தொடருக்கும் இது பொருந்தும். ஆனால் இரு தொடர்களையும் அடுத்தடுத்து அனுப்பும் இடைவேளையில் பொருளில் எந்த மாற்றமும் நேரக்கூடாது.

இரண்டு இரைச்சல்கள்

இந்த நீண்ட சைகைகளைப் புகழும் ஆய்வுரைகளில், "சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் இத்தனை மடங்கு உயர்ந்தது" என்று முடிப்பது வழக்கம். கேட்க வேண்டியது, எந்த இரைச்சல் என்பதே.

ஒன்று, மின்சுற்றின் இரைச்சல். இது தற்செயலானது, ஒவ்வொரு முறையும் வேறாக வரும். 100 முறை அனுப்பிச் சராசரி எடுத்தால் இது பத்தில் ஒரு பங்காகக் குறையும். நீண்ட சீழ்க்கையும் குறித்தொடரும் செய்வது அடிப்படையில் இதே வேலைதான். 100 முறைக்குப் பதிலாக ஒரு முறையிலோ இரு முறையிலோ செய்கின்றன. நேரம் மிச்சம். நல்லது.

மற்றொன்று, அலையே உண்டாக்கும் இரைச்சல். வேண்டாத பாங்குகளும், பின்பக்கமாகச் சென்று திரும்பியவையும், தாங்கிகளில் மோதிச் சிதறியவையும் சேர்ந்தது இது. இது தற்செயலானதன்று, ஒவ்வொரு முறையும் அப்படியே வரும். 100 முறை சராசரி எடுத்தாலும் ஆயிரம் முறை எடுத்தாலும் அது இம்மியும் குறையாது. சீழ்க்கை அனுப்பினால் அதுவும் சீழ்க்கையோடு சேர்ந்து சுருங்கிக் கூர்மையாகி, விரிசலின் எதிரொலிபோலவே நிற்கும்.

நெடுங்குழாய்களில் சோதிப்பவர்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. இதற்கு மருந்து நேரத்தில் சைகையின் வடிவம் மட்டுமன்று; இடத்தில் அதன் அமைப்பும் ஆகும். 1990களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பீட்டர் காவ்லி, டேவிட் அலைன் ஆகியோர் உருவாக்கிய முறையில், குழாயைச் சுற்றி வளையமாகப் பல அதிர்வுமுனைகள் பொருத்தப்பட்டன. எல்லாம் ஒரே சமயத்தில் ஒரே அளவு அதிர்ந்தால், குழாயை ஒரு பக்கமாக வளைக்கும் பாங்குகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அடுத்தடுத்து இரு வளையங்களைக் கால் அலைநீள இடைவெளியில் வைத்து, ஒன்றைக் கால் சுற்று தாமதித்து இயக்கினால், அலை ஒரு திசையில் மட்டும் செல்லும். மேற்கூறிய 50 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 64 மில்லிமீட்டர். கால் அலைநீளம் 16 மில்லிமீட்டர்.

இங்கே ஒரு முடிச்சைக் கவனியுங்கள். 16 மில்லிமீட்டர் என்பது ஓர் அதிர்வெண்ணுக்கே சரியாகப் பொருந்தும். அகன்ற பட்டையுள்ள சீழ்க்கையை இந்த வளையங்களுக்கு அப்படியே கொடுத்தால் திசைக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும். ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் தாமதத்தைக் கணினியில் தனியே சரிக்கட்ட வேண்டும். முதல் இரைச்சலுக்கு மருந்தாக வந்தது இரண்டாம் இரைச்சலுக்கு உரமாகிவிடக்கூடும். ஆகவே எந்த இரைச்சல் மிகுந்துள்ளது என்று அறியாமல், "சீழ்க்கை சிறந்தது", "குறித்தொடர் சிறந்தது" என்று பொதுப்படக் கூறுவதில் பொருளில்லை.

கல்பாக்கம் குழாயும் கரிசல் மண் குழாயும்

நம் மாநிலத்து எடுத்துக்காட்டுகள் இரண்டைக் கொண்டு இதனைச் சோதித்துப் பார்ப்போம்.

கல்பாக்கத்தில் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை உள்ளது. அதன் நீராவி உற்பத்திக் கலங்கள் ஒவ்வொன்றிலும் 547 குழாய்கள். ஒவ்வொன்றும் 23 மீட்டர் நீளம். வெளிவிட்டம் 17.2 மில்லிமீட்டர், சுவர்க் கனம் 2.3 மில்லிமீட்டர். உள்ளே நீர்; வெளியே சூடான திரவச் சோடியம். சுவரில் ஓட்டை விழுந்தால் இரண்டும் சேர்ந்து கடுமையாக வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். இக்குழாய்களை முனையிலிருந்தே சோதிக்க, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் வழிப்படும் அலைகளை ஆராய்ந்துள்ளனர். நீளவாக்கில் அதிரும் பாங்கின் வேகத்தை வினாடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் என்று கொண்டால், 23 மீட்டர் போய்த் திரும்ப 9 மில்லி வினாடிதான் ஆகும். ஒரே முனையில் நின்று அனுப்பி, அதே முனையில் கேட்க வேண்டிய ஒருவர் 10 மில்லி வினாடி நீளமுள்ள சீழ்க்கையை அனுப்பினால் என்ன ஆகும்? அவர் அனுப்பி முடிக்குமுன் எதிரொலிகள் எல்லாம் வரத் தொடங்கிவிடும்! இங்கே குறுகிய அலைக்கொத்தே பொருந்தும். மாறாக, ஒரு தகட்டின் இருவேறு இடங்களில் அனுப்புமுனையும் கேட்புமுனையும் தனித்தனியே இருந்தால், சீழ்க்கை முறை தன் முழு நன்மையையும் தரும்.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். சீவலப்பேரியில் எடுக்கப்படும் தாமிரவருணி நீர் குழாய்வழி கோவில்பட்டிக்கு வருகிறது. குழாய் உடைந்தால் எத்தனை குடங்கள் காத்துக் கிடக்கும் என்பதை இவ்வூரார் அறிவர். "ஓரிடத்தில் தோண்டிக் கருவியை மாட்டினால் நூறு மீட்டர் குழாயையும் பார்த்துவிடலாம்" என்று யாரேனும் சொன்னால், நாம் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள்ளன.

குழாய் எதனால் ஆனது? பற்றவைத்த எஃகுக் குழாயில் அலை தொடர்ந்து செல்லும். ரப்பர் வளையமிட்டுச் செருகிய வார்ப்பிரும்புக் குழாயில் ஒவ்வோர் இணைப்பிலும் அலை பெருமளவு நின்றுவிடும். பிளாஸ்டிக் குழாய் அலையை விழுங்கிவிடும்.

குழாய் எதில் புதைந்துள்ளது? மண்ணுக்குள் இருக்கும் குழாயிலிருந்து அலையின் ஆற்றல் மண்ணுக்குக் கசிந்துகொண்டேயிருக்கும். கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறி உப்பிக் குழாயை இறுகப் பிடிக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து விலகும். ஆகவே மழைக்காலத்தில் எடுத்த பதிவையும் கோடையில் எடுத்த பதிவையும் ஒப்பிட்டு, "பழுது வளர்ந்துள்ளது" என்று சொல்லுமுன் மண்ணையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சைகையை வலுப்படுத்தினால் எவ்வளவு தொலைவு கூடும்? மண்ணுக்கு மீட்டருக்கு 1 டெசிபல் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். போய் வர 2 டெசிபல். 100 மடங்கு சராசரி எடுத்தாலோ, அதற்கு இணையான குறித்தொடரை அனுப்பினாலோ கிடைக்கும் ஆதாயம் 20 டெசிபல். அதாவது, நூறு மடங்கு உழைத்தால் கிடைப்பது பத்து மீட்டர் கூடுதல் தொலைவு. இழப்பு 2 டெசிபல் ஆனால் ஐந்து மீட்டர்தான். அதிர்வெண்ணையும் பாங்கையும் மாற்றி இழப்பையே குறைப்பதுதான் இங்கே அறிவுடைமை.

இதனால் இம்முறையின் பெருமை குறையாது. தரைக்கு மேலுள்ள எஃகுக் குழாயில், குறுக்குவெட்டில் சுமார் 5 விழுக்காடு தேய்ந்திருந்தாலே இது சுட்டிக்காட்டும். சந்தேகமான இடத்தை இது காட்டும். அங்கே சென்று மெகாஹெர்ட்ஸ் ஆய்வுமுனையால் துல்லியமாக அளந்துகொள்ளலாம். ஒன்றுக்கொன்று துணையானவற்றைப் போட்டியாளர்களாகக் காட்டுவது விளம்பரக்காரர் வேலை.

வகுப்பறையில் செய்யக்கூடியது

"இதெல்லாம் பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு உரியவை, நம் கல்லூரியில் இதற்கு வசதி ஏது?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கலாம். விவசாயத்துக்கு வாங்கும் நான்கு அங்குல பி.வி.சி. குழாய்கள் மூன்றும், ஒரு கணினியும், ஓர் ஒலிபெருக்கியும், ஒரு கைப்பேசியும் போதும்.

ஆறு மீட்டர்க் குழாய்கள் மூன்றை இணைத்தால் 18 மீட்டர். ஒரு முனையை மூடிவிடுங்கள். மறுமுனையில் ஒலிபெருக்கியையும் ஒலிவாங்கியாகக் கைப்பேசியையும் வையுங்கள். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 350 மீட்டர் எனில், எதிரொலி சுமார் பத்தில் ஒரு வினாடியில் வரும். முதலில் 1,000 ஹெர்ட்ஸில் ஐந்து சுற்று அனுப்புங்கள். இந்த விட்டமுள்ள குழாயில் சுமார் 2,000 ஹெர்ட்ஸ் வரை நேர்ப்பாங்கு ஒன்றே செல்லும்; பிரிகை இல்லை. எதிரொலி தெளிவாக வரும். பிறகு 5,000 ஹெர்ட்ஸில் அனுப்புங்கள். பல பாங்குகள் கலந்து பதிவு குழம்புவதைக் காண்பீர்கள். சட்டென்று வெட்டிய அலையையும் ஹான் சாளரமிட்ட அலையையும் ஒப்பிடுங்கள். சீழ்க்கை அனுப்பிக் கணினியில் சுருக்கிப் பாருங்கள். நடுவில் உள்ள ஓர் இணைப்பைச் சற்றே தளர்த்திவிட்டு, அந்த இடத்தை எதிரொலியிலிருந்து கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இறுதியில் ஒரு மின்விசிறியை ஓடவிட்டு, சராசரி எடுப்பதால் எந்த இரைச்சல் குறைகிறது, எது அப்படியே நிற்கிறது என்று மாணவர்களே எழுதட்டும்.

பாடநூல் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். நிக்கல் தண்டையும் குவார்ட்ஸ் படிகத்தையும் நீக்க வேண்டாம். அவற்றின் பின்னே இரண்டே பக்கங்கள் சேருங்கள்: லாம்ப் அலைகள் பற்றி ஒரு பக்கம், சைகையின் வடிவம் பற்றி ஒரு பக்கம். தேர்வில் இப்படி ஒரு வினாவும் இடம்பெறட்டும்: "20 மீட்டர் எஃகுக் குழாயை ஒரு முனையிலிருந்து சோதிக்க வேண்டும். எத்தனை சுற்றுகள் அனுப்புவாய்? காரணம் கூறு." இதற்கு ஒரே விடை கிடையாது, பாங்கு, வேகம், தேவைப்படும் பிரிதிறன் ஆகியவற்றைக் கணக்கிட்டே எழுத முடியும். நாளை தள்ளுவண்டியோடு தண்டவாளத்தில் நடக்கப்போகும் இளைஞனுக்கும், குழாய்ச் சோதனைக்கு ஒப்பந்தம் வழங்கப்போகும் பொறியாளருக்கும் தேவைப்படுவது அந்தக் கணக்குத்தான்.